மாமி பார்த்த பியானோக்காரன் படம்

மனநோய் வந்த ஒரு பியானோ மேதையின் உண்மைக் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்களே, அதன் கேசட்டைப் போன வாரம் மாமியிடம் கொடுத்திருந்தேன். மாமி மகன் ஜெயன் கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவன். அவனும் மனநோய்க்குத்தான் மாத்திரை சாப்பிடுகிறான். மாமிக்குக் கொஞ்சம் புரியட்டும் என்று நினைத்தேன்.

இன்று நெய்யாற்றின்கரை பஸ்ஸில் மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"படம் பாத்தேன் மக்கா. கல்யாணம் கெட்டினப்பொறவு அவனுக்குச் செரியாச்சுல்லா? நம்ம ஜெயனுக்கும் பொழியூர்ல ஒரு பெண்ணு பாத்தாச்சு. தகப்பன் இல்லாத பிள்ளையாக்கும்."

"மனசுக்குத் தீனம் உண்டுன்னு பெண்ணு வீட்டுல சொன்னியளா?"

"சொன்னா எவ வருவா? ஞாயிறாச்ச காண வாறாவ. மாத்திரை தின்னா கை நடுங்குகு. அதனால இப்பம் குடுக்கல்ல."



"படத்துல அவ எல்லாம் தெரிஞ்சுல்லா கெட்டினா, மாமி."

"அவ வெள்ளக்காரியாக்கும்."

பெண் வீடு எங்கே என்று கேட்டேன். நானும் நல்ல வார்த்தை சொல்லப்போகிறேன் என்று நம்பி, மாமி வழி சொன்னார்.

போய், பெண்ணின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயனின் டாக்டருக்கும் போன் செய்தேன்.

இனி மாமி வீட்டுப் படி ஏற முடியாது. கல்யாணமே வராத மேதைப் படம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், தபாலில் அனுப்பிவிடுகிறேன்.