சுமதியின் உடைந்த வளையல்கள்

செத்துப்போன என் மனைவி, நான் பாத்திரம் கழுவாததைக் கண்டிக்கத்தான் திரும்பி வந்திருக்கிறாள் என்று மூன்று நாள் நம்பினேன். சிரியுங்கள், பரவாயில்லை. அதுவரை பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் கிண்டல் செய்கிறவன் நான்தான். நன்னிலத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தொழில் எனக்கு வெல்டிங். வேலை இல்லாத நேரத்தில் பழைய இரும்பில் பொம்மை செய்வேன். சுமதி போன இரண்டாம் வருஷம் ஆள் உயரத்துக்கு ஒரு கொக்கு செய்தேன். பம்புசெட்டுக் குழாயில் கால், சைக்கிள் செயினில் கழுத்து, அறுவடை மிஷின் வந்தபின் மூலையில் கிடந்த கதிர் அரிவாள்களில் இறக்கை. நெஞ்சு மட்டும் கண்ணாடி. சுமதி உடைந்த வளையலைத் தூக்கி எறியமாட்டாள், சமையலறை மாடத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பாள். "எதுக்குடி இந்தக் குப்பை?" என்றால், "ஒங்க குப்பையப் பத்தி நான் கேட்டனா?" என்பாள். அத்தனையும் பச்சை. வெல்டிங் சூட்டில் கண்ணாடி வெடித்துவிடும், அதனால் இரும்பு ஆறியபின் ஒவ்வொரு துண்டாகப் பசை வைத்து ஒட்டினேன். டின் காலியானது.

கும்பகோணத்து லாட்ஜ்காரர் ஒருவர் வாசலில் வைக்கக் கொக்கைக் கேட்டார். வாய் சரி என்று சொல்லிவிட்டது, மனசு சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்றார். ஏற்றத் தோதாக, செவ்வாய்க்கிழமை காலையிலேயே கொக்கை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் என் பட்டறை வாசலுக்கு நகர்த்தி வைத்தேன்.

அன்று சாயங்காலம் நாலரைக்கு டீ போடப் போகிறேன், தொட்டியில் கிடந்த எச்சில் பாத்திரத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை வெளிச்சம். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது மெல்லச் சுவரில் ஏறி, அந்தக் காலி டின் இருந்த மாடத்தைத் தொட்டு, மங்கி மறைந்தது. நம்பினால் நம்புங்கள், ஐம்பது வயது ஆம்பளை, ஓடிப்போய் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு வந்து, "கழுவிடுறேன் சுமதி, இந்தா கழுவிடுறேன்" என்று அந்தக் கறுப்புக் கண்ணாடியின் கும்மிருட்டில் பாத்திரம் தேய்த்தேன்.

புதன்கிழமையும் வந்தது. பயம் போய்விட்டது. வியாழக்கிழமை மூன்று மணிக்கே தலை சீவிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். வருகிறவள் அவள்தான் என்றால் கொக்கை எப்படிக் கொடுப்பது? வண்டியே வேண்டாமென்று சொல்லிவிட முடிவு செய்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புக்கடை பஷீர் பாய் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். வெளிச்சம் வந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

"மாப்ள, இப்ப இருக்கா?" அங்கிருந்து கத்தினார்.

"இல்ல பாய், போயிடுச்சு!"

"இப்ப?"

"வந்துடுச்சு!"

"யோவ், நாந்தான்யா கொக்குக்குப் பின்னாடி நின்னு வெயில மறைக்கிறேன். மேக்க வெயிலு அதோட நெஞ்சு வழியா ஒன் ஜன்னலுக்குள்ள வருது. டீ குடிக்கிற நேரத்துல எந்தப் பேய்யா வரும்?"

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவரைவிடச் சத்தமாக நான் சிரித்தேன்.

"ஏன்யா கண்ணு கலங்குது?"

"பொகை பாய்."

"அடுப்பே பத்த வைக்கலியேய்யா."

வெள்ளிக்கிழமை கொக்கு வண்டி ஏறியது. கயிறு கட்டினது நான்தான்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை, வானம் ஒரேயடியாகக் கறுத்துக் கிடந்தது. பழக்க தோஷம், நாலரைக்குச் சமையலறைக்குப் போனேன். மாடத்தில், காலி டின்மேல், அதே பச்சை. லாட்ஜ்காரருக்குப் போன் போட்டேன். "ஒங்க கொக்கு வாசல்ல நனைஞ்சுகிட்டு நிக்குது, ஏன் கேக்குறீங்க?" என்றார். சும்மா என்றேன்.

அன்றிலிருந்து தினமும் நாலரை வரை பாத்திரத்தைக் கழுவாமல்தான் போட்டு வைக்கிறேன். திரும்ப வரவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை, ஏறாமல் நகராமல், நான் கடைசி டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும் வரைக்கும் அது அங்கேயே இருந்தது.