றிஸ்மியாவின் புது மெஷின்

"இந்தக் குளிசைக்கு நடுவால ஏன் கோடு போட்டீக்கிறாங்க?" என்று மருந்துக் கடையில் கேட்கிறார் றிஸ்மியா. பின்னால் நிற்பவர்கள் நெளிகிறார்கள். பாதியாக உடைப்பதற்கு என்று கடைக்காரர் சொல்கிறார். "அப்ப முழுசா போடுறவங்களுக்கு?" என்று அடுத்த கேள்வி வருகிறது. பதில் கிடைத்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். மிச்சக் காசை மறந்துவிட்டுக்கூட வந்துவிடுவார்.

மாத்தளை நகரில் அவருடைய வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். வேலை யட்டவத்த பிரதேச செயலகத்தில். சொந்த ஊர் யாழ்ப்பாணம். குடிவந்த முதல் வாரமே, "ஒங்க ஊர்க் கெணத்துத் தண்ணில சவுக்காரம் நுரைக்காதாமே, ஏன் தம்பி?" என்று பிடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் குளித்தவன் நான். அது எனக்கு ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை.

கல்யாண வீடுகளுக்கு மேசை விரிப்பும் கதிரை உறையும் வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். திங்கட்கிழமைகளில் முற்றத்தில் வெள்ளைத் துணி மலையாகக் குவியும். ஒவ்வொரு கறையையும் முகர்ந்து பார்ப்பார். "இது வட்டிலப்பம். இது மாப்பிள்ள வீட்டுக்காரங்க மேச. பயந்து பயந்து தின்னீக்கிறாங்க, கறையே இல்ல."

இரண்டு கையும் வீங்கத் தொடங்கிய பிறகுதான் போன வருடம் ஒரு வொஷிங் மெஷின் வாங்கினார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வயிறு நிறையத் தண்ணீரோடு அது நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கான உறைகளை அதற்குள்ளிருந்து இழுத்தெடுத்துக் கையாலேயே துவைத்து முடித்தார். திங்கட்கிழமை அவரால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை.

மெஷினை விற்ற கடை முதலாளி மக்கீன் ஹாஜியார் தொலைபேசியிலேயே கதையை முடித்துவிட்டார். "அது பாவிச்ச பிழை. வொரன்டி செல்லாது." மாவட்டச் செயலகமான கச்சேரியில் நுகர்வோர் முறைப்பாடு கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். "அது பொறகு பாப்போம் தம்பி. முதல்ல ஏன் நின்னிச்சின்னு தெரியணும்" என்றவர், மறுபடி கடைக்குத் தொலைபேசி எடுத்தார். "வந்து தொறந்து காட்டுங்க ஹாஜியார். காரணம் தெரியாம எனக்கு நித்திரை வராது."

கோபப்படுபவர்களைச் சமாளிக்க ஹாஜியாருக்குத் தெரிந்திருக்கும். கேள்வி கேட்பவரை என்ன செய்வது? இரண்டு நாள் கழித்து, திருத்துநர் ரிஸ்வியோடு அவரே வந்து இறங்கினார்.

றிஸ்மியா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிஸ்வி மெஷினின் அடியில் இருந்த சின்ன மூடியைத் திருகிக் கழற்றினார். அழுக்குத் தண்ணீரோடு கறுப்பாக ஒரு குப்பை உருண்டை வந்து விழுந்தது.

"இதான் ராத்தா. குப்ப அடைச்சி பம்ப் எரிஞ்சி போயிட்டு. உடுப்போட பையெல்லாம் பாக்காம போட்டா இப்பிடித்தான்."

"நான் சென்னேன்தானே?" என்றார் ஹாஜியார்.

றிஸ்மியாவின் முகம் சுருங்கியது. பிறகு, "கதிரை உறைக்குப் பை ஈக்கா தம்பி?" என்றார்.

றிஸ்மியா குனிந்து குப்பையை விரலால் கிளறினார். விரல் நுனியில் அரக்கு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்டிக்கர் பொட்டு.

"எங்க வீட்ல யாரு பொட்டு வெக்கிற?"

"கல்யாணத்துக்கு வந்தவங்கட, உறையில ஒட்டீக்கும்" என்றார் ஹாஜியார்.

"அப்பிடியும் ஈக்கலாம்" என்று ஒப்புக்கொண்டு இன்னும் கிளறினார் றிஸ்மியா. ஒரு குழந்தையின் காலுறை வந்தது. கட்டைவிரல் அளவுதான். அதை விரித்துப் பிடித்தார். "இதுவும் கல்யாணத்துக்கு வந்த புள்ளடதா? கழட்டி உறைக்குள்ள ஒளிச்சி வெச்சிட்டுப் போச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாஜியார் சுவரைப் பார்த்தார்.

"அப்ப இந்த மெஷின் முதல்ல யாரு வீட்ல ஈந்திச்சி?"

ரிஸ்வி முதலாளியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "இரத்தோட்டைல ஒரு டீச்சர் வீட்ல. தண்ணி போகல்லன்னு திருப்பித் தந்தாங்க. வெளியால தொடைச்சிப் பெட்டில போட்டோம்."

"பம்ப் புதுசா போட்டுத் தாறேன். காசு வேணாம்" என்றார் ஹாஜியார் அவசரமாக.

"நான் புதுசு வாங்கத்தானே வந்தேன், ஹாஜியார்? பழசப் புதுசுன்னு எப்பிடி விக்கிறன்னு எனக்கு வெளங்கல்ல. கச்சேரில ஈக்கிறவங்களுக்கு வெளங்குமா? கேட்டுப் பாக்கவா?"

குரலில் மிரட்டல் துளியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரல் அது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "நாளைக்கே புதுசு வரும்."

வாசல்வரை போனவரை றிஸ்மியா மறுபடி நிறுத்தினார். "அந்த டீச்சருக்கு வேற மெஷின் குடுத்தீங்களா?"

"குடுத்தோம்."

றிஸ்மியா ரிஸ்வியைப் பார்த்தார். ரிஸ்வி ஆமென்று தலையசைத்த பிறகுதான் வழிவிட்டார்.

மறுநாள் புது மெஷின் வந்தது. பெட்டியைத் தன் கண்முன்னே உடைக்கச் சொல்லி, அடி மூடியையும் திறந்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பழையதை லொறியில் ஏற்றினார்கள். டிரைவர் எஞ்சினை முடுக்கியபோது, "கொஞ்சம் நில்லுங்க" என்று ஓடிவந்தார். கையில் உறைகளுக்கு அடையாளம் போடும் அழியாத மைப் பேனா இருந்தது. லொறியின் பின்னால் ஏறி நின்று, மெஷினின் முகத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதினார்: 'இது புதுசில்லை.'

எழுதி முடித்த பிறகும் கீழே இறங்கவில்லை. மை காயும்வரை அதன்மேல் ஊதிக்கொண்டு நின்றார்.