சுவரில் ஒட்டிய கடதாசி

படிகத்துக்குள் விரிசல் எப்படிப் பரவும் என்று ஆராய்ச்சிக்காகக் கணினித் திரையில் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு நகர்ந்தது. கண் எரிந்தது. வெளியே பேராதனை மழை பிடித்துக்கொண்டதும், பன்வில தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டின் ஈரச்சுவரும் கோதுமைமாவுப் பசையின் புளித்த வாசனையும் நினைவுக்கு வந்துவிட்டன.

சுவர் வெடிப்பின் குறுக்கே அப்பா கடதாசித் துண்டு ஒட்டுவார். “இது கிழிஞ்சா மலை நகருதுன்னு அர்த்தம். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிரணும்.”

ஒருநாள் கிழிந்தது, ஓடினோம். மழை விட்டதும் அதே வீட்டுக்குத்தான் திரும்பினோம். வேறு வீடு யார் தந்தார்கள்? அம்மா மறுபடி பசை காய்ச்சினார்.

அப்பா இப்போது இல்லை. என்னோடு வந்தால் கொழுந்து வேலை போய்விடும் என்று அம்மா அங்கேயே இருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன்: “கடதாசி எப்படிம்மா இருக்கு?”

“கிழிஞ்சிருச்சுப்பா. புதுசு ஒட்டிட்டேன்.”