பொட்டு வைத்த நுணுக்குக்காட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நுணுக்குக்காட்டி, அதாவது மைக்ரோஸ்கோப், வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிற்கும் சந்தியிலிருந்து மேலே ஏறும் பாதை அப்போது மோசம். கொழுந்து ஏற்றும் லொறியைத் தவிர வேறு எதுவும் ஏறாது. அதனால் ஆய்வுகூடப் பெட்டிகளும் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில்தான் வந்தன. பாதி வழியில் மழை வலுத்தபோது, பின்னால் நடந்து வந்த பெண்கள் தங்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் பெட்டிகளுக்குப் போர்த்திவிட்டு, தாங்கள் நனைந்துகொண்டே வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் இறக்கும்போது யாரோ ஒருவர், "உள்ளுக்க என்னாங்க சேர்?" என்று கேட்டார். "சயன்ஸ் சாமான்" என்றார் பள்ளிக்கூட அதிபர். உடனே கங்காணி, "மெதுவாத் தூக்குங்கப்பா, சயன்ஸ் ஒடஞ்சிரப் போவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்கினார்கள்.

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் இப்போது பதுளையில் தங்கி உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். சின்னவர்கள் நீங்களும் "பயோவா மெத்ஸா" என்று வீட்டில் சண்டை போடுகிறீர்கள். கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. உள்ளுக்குள் எங்கோ வலிக்கவும் செய்கிறது. சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவன் நான். எனக்கு எழுத வராது. இருந்தாலும் உங்கள் அத்தை, அதாவது என் தங்கை, இதை ஒருநாளும் உங்களிடம் சொல்ல மாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரம் முடிந்தால் கலைப் பிரிவு ஒன்றுதான். விஞ்ஞானம் தமிழில் படிக்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போய்த் தங்க வேண்டும். பொம்பளைப் பிள்ளையைத் தனியாகத் தங்கவைக்க எந்த வீட்டிலும் ஒப்ப மாட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் இல்லை. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு கதவு இடுக்கு வழியாக உள்ளே பார்த்திருக்கிறாள் என் தங்கை. வெள்ளைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி குனிந்து ஒரு குழாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அம்மாவோட ரத்தத்தத்தான் பாக்குறா அண்ணே. நம்ம கண்ணுக்குத் தெரியாதது அவ கண்ணுக்குத் தெரியுது" என்று என்னிடம் வந்து சொன்னாள். அன்றிலிருந்து அந்த வேலைதான் வேண்டும் என்று இருந்தாள். வேறு ஆசை எதுவும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால் நம் பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞானப் பிரிவு தொடங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்த விதமே வேறு மாதிரி இருந்தது. ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் பிள்ளைகள்தான் சேர்ந்தார்கள். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஆசிரியர் வந்தார். கண்டிப்பானவர், கொஞ்சம் பயந்தவரும்கூட. ஆய்வுகூடச் சாமான்களைப் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு சாமான் பழுதானால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். தராசுப் படிகளைக்கூட அவர் கையால் தொட விடமாட்டார். சின்ன இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். "விரல் பட்டாலே நிறை மாறிப்போகும்" என்பார். தங்கை வீட்டுக்கு வந்து உப்புப் போத்தலைக்கூட இரண்டு விரலால் இடுக்கிப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். அப்பா சிரிப்பார்.

உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்தவர். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அங்கே இருக்கிற மிசின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்பவர் அவர்தான். அவர் கை ராசியான கை என்று ஒரு பேச்சு இருந்தது. புதிதாக லொறி வந்தாலும், கோயிலுக்கு மணி வாங்கினாலும், தையல் மிசின் ஒன்று நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு வந்தாலும் அப்பாவைக் கூப்பிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். பொட்டு வைக்காத மிசின் யாருக்கோ உரியது. பொட்டு வைத்த பிறகுதான் அது நம்முடையது. எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான்.

அந்த வருடம் நவராத்திரி விடுமுறைக்கு ஆசிரியர் ஊருக்குப் போயிருந்தார். அதிபர் நல்ல மனுசன். இந்தமுறை வாணி விழாவை மண்டபத்தில் வைக்காமல் ஆய்வுகூடத்திலேயே வைப்போம் என்று தன்னிடமிருந்த சாவியால் திறந்துவிட்டார். நான் அப்போது பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் வேலைக்கு நின்றேன். பூசைக்கென்று லீவு எடுத்து வந்திருந்தேன். மேசையில் சரஸ்வதி படம், அதற்கு முன்னால் தராசு, கண்ணாடிக் குழாய்கள், நடுவில் நுணுக்குக்காட்டி. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு ஆட்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். அப்பா வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு நுணுக்குக்காட்டி முன்னால் நின்று யோசித்தார். அதற்குக் கீழே திருப்பித் திருப்பி வைக்கிற மாதிரி மூன்று வில்லைகள் இருந்தன.

"என்னப்பா நிக்கிற?" என்றார் கங்காணி.

"இல்ல, மூணு கண்ணு இருக்கே. எந்தக் கண்ணுக்கு வக்கிறது?"

"சிவனுக்கு மட்டும் பாத்துப் பாத்தா வப்ப? எல்லாத்துக்கும் வையி."

அப்பா எல்லாவற்றுக்கும் வைத்தார். மேலே பார்க்கிற கண்ணாடிக்கும் ஒன்று. தங்கையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு, "பஞ்சால மெதுவாத் தொடச்சிரலாம் அண்ணே, சேர் தொடச்சிருவாரு" என்று எனக்குச் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில், அப்பாவின் அந்தச் சந்தோஷத்தில், வேறு என்ன செய்வாள்?

அடுத்த நாள் நாங்கள் எழும்பும்போது அப்பா வீட்டில் இல்லை. வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். கையெல்லாம் கறுப்பு. முகத்தில் ஒரு பெருமை.

"எங்கப்பா போனீங்க?" என்றாள் தங்கை.

"ஒங்க இஸ்கோலுக்குத்தான். பூசச் சாமான்ல பொட்டெல்லாம் காஞ்சு போய்க் கெடந்துச்சு. சேர் வர்றதுக்குள்ள தொலக்கி வச்சிருவோமுன்னு அதிபருகிட்ட சாவி வாங்கினேன். வந்து பாரு, பளபளன்னு இருக்கு."

"எத எதெல்லாம் தொலக்குனீங்க?"

"எல்லாத்தையுந்தான். தராசுத் தட்டு, அந்தச் சின்னச் சின்னப் படிக்கல்லு, எல்லாம் புளி போட்டு. கண்ணாடிய மட்டும் சாம்பல்ல. லாம்புச் சிமினி தொடைக்கிற மாதிரி, நல்லா அழுத்தி."

தங்கை செம்பை எடுத்தாள். தண்ணீர் ஊற்றினாள், அப்பா கை கழுவினார். பிறகு ரொட்டி போட்டுக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று நடந்ததை அவள் பிறகு பஸ் சந்தியில் வைத்து எனக்குச் சொன்னாள். ஆசிரியர் வெங்காயத் தோலை வைத்துக் குனிந்து பார்த்தார். வில்லையை மாற்றி மாற்றிப் பார்த்தார், எல்லாம் மங்கல். தராசைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.  யார் இதைத் தொட்டது என்று கேட்டபோது மற்றப் பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள்தான் எழும்பியிருக்கிறாள்.

"எங்கப்பா, சேர். சாமிச் சாமானுன்னு நெனச்சுத் தொலக்கிட்டாரு. அவருக்கு மட்டும் தெரிய வேணாம் சேர். தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

ஆசிரியர் வெகுநேரம் யோசித்தாராம். அப்பாவைக் கூப்பிட்டு விசாரிக்க அவருக்கும் மனம் வரவில்லை. தன் கையெழுத்தை நினைத்தும் பயந்திருப்பார். கடைசியில் அதிபரும் அவருமாகப் பேசி, மலைப் பனியால் வில்லைகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, தராசும் ஈரத்தில் கெட்டுவிட்டது என்று கல்வித் திணைக்களத்துக்கு அறிவித்தார்கள். "பனி எண்டு எழுதிட்டன். ஒருத்தரும் வாய் திறக்க வேண்டாம்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். எல்லோருக்கும் நல்லதாகத்தான் பட்டது. பனி வந்து மறுத்துப் பேசவா போகிறது?

அது அதோடு முடியவில்லை. கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அன்றும் நல்ல பனி. ஆய்வுகூட ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் மரம்கூடத் தெரியவில்லை. அவர்கள் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். இந்த உயரத்தில், இந்தப் பனியில் ஆய்வுகூடம் நிலைக்காது, மிச்சச் சாமானாவது உருப்படட்டும் என்று டவுன் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பச் சொன்னார்கள். விஞ்ஞானம் வேண்டிய பிள்ளைகள் அங்கே போகலாம், மற்றவர்கள் கலைப் பிரிவில் சேரலாம் என்றும் சொன்னார்கள்.

அவர்கள் போவதற்கு முன் பிள்ளைகளைப் பார்த்து, "ஏதாவது சொல்ல இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். தங்கை சொல்லியிருக்கலாம். பனி இல்லை, சாம்பல் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் ஆய்வுகூடம் நின்றிருக்கலாம், யாருக்குத் தெரியும். ஆனால் பொய் எழுதிய ஆசிரியரின் கதி? ஸ்டோருக்கும் லயத்துக்கும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கும் அந்தச் செய்தி போன பிறகு அப்பாவின் கதி? "நான் சேர் மொகத்தப் பாத்தேன். அவரு தரையப் பாத்தாரு. நானும் தரையப் பாத்துட்டேன் அண்ணே" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பெட்டிகள் அதே லொறியில் இறங்கிப் போயின. ஆண் பிள்ளைகள் இரண்டு பேர் டவுனுக்குப் போனார்கள். உங்கள் அத்தை கலைப் பிரிவில் உட்கார்ந்தாள். ஆசிரியர் மாற்றம் வாங்கிக்கொண்டு ஊரோடு போய்விட்டார். பிறகு பண்டாரவளையில் முஸ்லிம் முதலாளி ஒருவரின் பாமசியில் அவளுக்கு வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான். டொக்டர்மார் கிறுக்கும் எழுத்தை அவளைப் போல வாசிக்க ஆள் இல்லை என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். ரத்தப் பரிசோதனைத் துண்டோடு யாராவது வந்தால் அவள் அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் கையில் வைத்திருப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்குக் கடைசிவரை பனிதான் எதிரி. விடியற்காலையில் கதவைத் திறப்பார், பனி உள்ளே வரும். "வந்துட்டியா? எம்புள்ள படிப்பத் தின்னது பத்தலியா ஒனக்கு?" என்பார். லயத்துச் சனங்களுக்கு அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. "என்ன மாமா, இன்னைக்கு ஒங்க ஆளு நேரத்தோட வந்துட்டான்" என்று சீண்டுவார்கள். அவர் இன்னும் நாலு வார்த்தை கூட்டித் திட்டுவார். அடுப்படியில் தங்கை மாவு பிசைந்துகொண்டிருப்பாள். அவள் கை ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி பிசையும்.

வயதான பிறகு அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. பதுளையில் ஒபரேசன் செய்து, மூக்குக் கண்ணாடியும் போட்டுவிட்டார்கள். தங்கைதான் கூட்டிப் போய்க் கூட்டி வந்தாள். புதுக் கண்ணாடியோடு அவர் லயம் முழுக்கச் சுற்றி, யார் யார் தலை நரைத்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். ஒரு போயா நாள், பௌர்ணமி என்பதால் எனக்கு லீவு. வெளியே சுள்ளென்று வெயில். நானும் தங்கையும் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கவனிக்கவில்லை. பிறகு எழும்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா, இந்த நேரத்துல பனி எறங்கிருச்சு?"

"பனியா? வெயிலுல்ல அடிக்குது" என்றேன் நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வெளியே பார்த்தார். திரும்பப் போட்டுப் பார்த்தார். மறுபடி கழற்றி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வில்லை முழுக்கச் சாம்பல் கீறிய கோடுகள். லாம்புச் சிமினி துடைத்துப் பழகிய கை அது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.  தங்கையின் கையில் பாதி உரித்த கிழங்கு அப்படியே இருந்தது.

பிறகு எங்களைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னைக்கு, அந்த மிசினுலயும்… பனி இல்லதானே?"

தங்கை எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருந்துச்சுப்பா" என்றாள். "அன்னைக்கு நல்ல பனி."

அப்பா தலையை ஆட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் ஆயுத பூசைக்கு ஸ்டோரிலிருந்து கூப்பிட வந்தபோது, கை நடுங்குது, வேற யாரையாச்சும் வைக்கச் சொல்லுங்க என்று அனுப்பிவிட்டார். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. குளிர்காலம் வந்தது. ஒரு காலையில் லயத்தை மூடிக்கொண்டு பனி இறங்கியபோது பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர் வழக்கம் போலக் குரல் கொடுத்தார். "என்ன மாமா, ஒங்க ஆளு வந்து நிக்கிறான், திட்டாம இருக்கீங்க?"

அப்பா போர்வைக்குள்ளிருந்து சொன்னார். "விடப்பா. அது என்னா செஞ்சிச்சு, பாவம். அது பாட்டுக்கு வருது, போவுது."