ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்த பெரியம்மா

கூட வேலை செய்பவர்களை நீங்கள் எப்படி இணங்க வைப்பீர்கள் என்று சிட்னியில் ஒரு அலுவலகப் பயிற்சியில் கேட்டார்கள். வாதாடியா, நயமாகவா, அதிகாரம் காட்டியா? என் வழி எதுவென்று சொல்லத் தெரியவில்லை. பெரியம்மாவின் வழி மட்டும் நினைவுக்கு வந்தது.

பெரியம்மா ஃபிஜித் தீவில், லம்பாசா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பெரியப்பா இறந்தபின் அதே ஊரின் நசியா பகுதியில் எங்களோடுதான் இருந்தாள். அம்மா கடை வேலைக்குப் போனதால், பள்ளி விட்டதும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. ஒரு நாள் மத்தியானம், கரும்புத் தோட்டத்து வீடொன்றில் பிரசவம் சிக்கலாகிவிட்டதாக போன் வந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, போக மாட்டேன் என்றார். முந்தின வாரம்தான் சிப்பாய்கள் அவரை வண்டியிலிருந்து இறக்கி அடித்திருந்தார்கள். வேலை போய்விடும் என்று டாக்டர் கத்தினார். போகட்டும் என்றார் டிரைவர்.

பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு போய் ஆம்புலன்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவளை இறங்கச் சொல்ல டிரைவர் பின்னாலேயே போனார். அன்றைக்கு உன்னை என்ன செய்தார்கள் என்று அவள் இந்தியில் கேட்டாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அங்கே ஒருத்தி துடித்துக்கொண்டிருக்கும்போது இவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குப் பதறியது. அவர் முடித்த பிறகுதான் பெரியம்மா பேசினாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ இல்லாம எனக்கு வழி தெரியாது."

அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார்.

பொழுது சாய்வதற்குள் தாயும் குழந்தையுமாக வந்து சேர்ந்தார்கள். தானே முடிவெடுத்துப் போனதாக டிரைவர் எல்லோரிடமும் சொன்னார். பெரியம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் நான் அவளைப் பார்த்தேன்.

அந்த மாதங்களில் ராணுவத்துக்குப் பயந்து இந்தியர்கள் கிளம்ப, தெருவில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. அப்பா, அம்மா, தம்பி, நான் என்று எங்கள் நாலு பேருக்கும் ஆஸ்திரேலியா விசா வந்தது; பெரியம்மாவுக்கு இல்லை. அப்பா அசையவில்லை. அம்மா அழுதால் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். கடைசியில் பெரியம்மாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டாள். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

"இந்த வயசுல அங்க போயி, யாரு கீழ நின்னு வேல கத்துக்கறது அக்கா?" என்று தொடங்கியவர் வெகுநேரம் பேசினார். பெரியம்மா குறுக்கிடவே இல்லை.

"சரி. இங்கயே இருந்தா புள்ளைங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா என்னையும் தம்பியையும் பார்த்தார். போவோம் என்று அவரேதான் சொன்னார்.

இதிலும் பெரியம்மா ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. எங்களை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு இரவு டூட்டி முடிந்து சீருடையோடு வந்திருந்தாள்.

"நீங்க சொன்னா யாருமே மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, இல்ல பெரியம்மா?" என்று கேட்டேன்.

அவள் என் ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டாள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி முதலிலிருந்து போட்டாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.