பாஸ்டன்காரருக்கு டீ ஆகாது

பாஸ்டனில் பிறந்த மனிதருக்கு டீ கொடுத்தால் என் மகன் கல்யாணம் நின்றுவிடும் என்று மூன்று நாள் முழுமனதாக நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. பட்டதாரி. முப்பது வருஷமாக அரசு ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்கள் மனுவில் தப்பு கண்டுபிடிக்கிறவன்.

பாஸ்டனில் வேலை பார்க்கும் என் மகன் அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், கல்யாணம் என்றான். இரண்டு பேருக்கும் லீவு கிடைக்க ஒரு வாரம் ஆகும். பெண்ணின் அப்பா மட்டும் முன்னாலேயே செங்கல்பட்டு வருகிறார் என்று போனில் சொன்னான்.

"சும்மா ஊரைப் பாக்க வராருப்பா."

பெண்ணைப் பெற்றவர் பையன் வீட்டுக்குச் சும்மா வருவாரா? எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே அர்த்தம்தான்: மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார். போதாக்குறைக்கு, பள்ளிக்கூடத்தில் அமெரிக்கச் சரித்திரம் நடத்தி ரிட்டையர் ஆனவர். கேள்வி கேட்பார், நான் முழிப்பேன், சம்பந்தம் போய்விடும்.

படிக்க உட்கார்ந்தேன். பதின்மூன்று காலனிகளையும் வாய்ப்பாடு மாதிரி குளியலறையில் ஒப்பித்தேன். எட்டாவதோடு தண்ணீரும் தீர்ந்துவிடும், ஞாபகமும் தீர்ந்துவிடும். அப்படிப் படிக்கும்போதுதான் அந்த இடம் வந்தது. ஆயிரத்து எழுநூற்று எழுபத்து மூன்றில், டீக்கு வரி போட்ட கோபத்தில், பாஸ்டன் ஆட்கள் வேஷம் கட்டிக்கொண்டு கப்பலில் ஏறி, பெட்டி பெட்டியாக டீயைத் துறைமுகத்துத் தண்ணீரில் கொட்டியிருக்கிறார்கள். அன்று அந்த ஊர் மீன் ஒன்றுகூடத் தூங்கியிருக்காது. அதற்கப்புறம் பல வீடுகளில் டீயையே விட்டுவிட்டுக் காபிக்கு மாறினார்களாம். கொட்டிய சரக்கோ, நம் சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கும்பினியின் சரக்கு.

எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் எங்கள் வம்சத்தில் புடலங்காய் சமைப்பதில்லை. ஏதோ ஒரு தலைமுறையில் புடலங்காய்ப் பந்தலில் யாரையோ பாம்பு கடித்ததாம். அதற்கே இத்தனை தலைமுறையாக விலக்கு. டீயை வைத்து ஒரு நாடே ராஜாவை எதிர்த்துச் சண்டைக்குப் போயிருக்கிறது என்றால், அந்த ஊர் வம்சத்தில் டீ எவ்வளவு பெரிய விலக்காக இருக்கும்!

வீட்டிலிருந்த டீத்தூள் டப்பாவை எடுத்து பூஜை அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்தேன்.

"ஏங்க, அமெரிக்காக்காரர் டீத்தூளையா திருடப் போறாரு?" என்றாள் மனைவி.

"உனக்கு சரித்திரம் தெரியாது."

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது? நேத்தா?"

விமான நிலையத்திலிருந்து அவரைக் கூட்டிவர சிங்கப்பெருமாள் கோயில்காரர் ஒருவரின் வாடகைக் காரைப் பேசியிருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் டீக்கடை இல்லாத நூறு அடியைக் காட்டுங்கள் பார்ப்போம். ஒன்றிலும் நான் நிறுத்த விடவில்லை.

"இன்னா சார், ஒரு டீ அடிக்கக்கூட வுடமாட்டேன்ற? பேஜாரா கீது" என்றார் டிரைவர்.

"அவங்க ஊருக்கு டீ ஆகாது. பேசாம ஓட்டு."

"இன்னாத்துக்கு? தோஷமா?"

"அப்படித்தான் வெச்சுக்கோ."

வீட்டில் மனைவி டபராவில் நுரை பொங்கக் காபி கொடுத்தாள். அவர் இரண்டு வாய் குடித்து, சிரித்து, கீழே வைத்தார். எங்கள் பக்கத்தில் பெண்வீட்டார் பிடிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இட்லி சாப்பிட்டாரே என்றால், அது பசி, கணக்கில் சேராது. காபிதான் கணக்கு. மறுநாள் காலையிலும் பாதி டம்ளர் மிச்சம். சாயங்காலம் முக்கால் டம்ளர். சம்பந்தம் என் கண்ணெதிரே ஆறிக்கொண்டிருந்தது.

இடையில் அதே காரில் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனேன். பாறையில் அர்ஜுனன் ஒற்றைக் காலில் நிற்க, நான் இரண்டு காலில் கை கட்டி நின்று, "எழுபத்தாறில் சுதந்திரப் பிரகடனம், எண்பத்தேழில் அரசியல் சட்டம்" என்று கேட்காமலே ஒப்பித்தேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம், சரிதான்" என்றார். பெயில் என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் திருவிடந்தை. கல்யாணம் கைகூட வேண்டுகிறவர்கள் மாலை சாத்தி, ஒன்றைப் பிரசாதமாக வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுற்றிவரும் கோயில். அவர் தலை வலிக்கிறது என்று காரிலேயே இருந்துவிட்டார். நான் மகன் பெயரைச் சொல்லி மாலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், கார் பூட்டியிருக்கிறது. அவரும் இல்லை, டிரைவரும் இல்லை.

போய்விட்டார். ஆட்டோ பிடித்து நேரே விமான நிலையம். டிரைவர் வழியனுப்பப் போயிருக்கிறார். இப்படித்தான் ஓடியது என் புத்தி. நானும் ஓடினேன். கையில் அர்ச்சனைத் தட்டு இருந்ததால் மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"இன்னா சார், இந்த வயசுலயா?" என்று பூக்கார அம்மா கத்தினார். "பொண்ணு ஓடிப்பூட்டாளா?"

"பொண்ணோட அப்பா!" என்று நானும் கத்திவிட்டு ஓடினேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சில், சம்பந்தியும் டிரைவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி கையில் கண்ணாடி கிளாஸ். பக்கத்தில் இரண்டு காலி கிளாஸ்கள். முகம் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது.

"தோஷம்னியே சார்," என்றார் டிரைவர். "இவுரு மூணாவது அடிச்சிகினு கீறாரு."

சம்பந்தி பதறி எழுந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "மன்னித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் டீயைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததைப் பார்த்தேன். கடவுளுக்குப் படைப்பது போலிருக்கிறது, நாம் கேட்கக்கூடாது என்று இருந்துவிட்டேன்."

நான் மாலையோடு நின்று, கப்பல், பெட்டி, துறைமுகம், புடலங்காய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கிளாஸ் தளும்பியது.

"அது வரி மேலிருந்த கோபம், டீ மேல் இல்லை. எங்களைக் கேட்காமல் எங்கோ உட்கார்ந்து வரி போட்டார்கள் என்பதுதான் சண்டை. அதுவுமில்லாமல், என் தாத்தா அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியதே அதற்கு நூற்றைம்பது வருஷம் கழித்துத்தான்."

"அப்போ சம்பந்தம்?" என்றேன்.

"அதை அவர்கள் இரண்டு பேரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்களே? அதனால்தானே நான் ஊரைப் பார்க்க வந்தேன்?"

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று நாளாக உள்ளே போன மூச்சு அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. டிரைவர் எனக்கும் ஒரு டீ சொன்னார்.

சம்பந்தி வயிற்றுக்குக் காபி ஒத்துக்கொள்ளாது. காலையில் டீ இல்லையென்றால் தலை வலிக்கும். நடந்தது அவ்வளவுதான்.