கழற்ற எளிதாக மாட்டியவள்

சுந்தரவல்லி எழுதிய வசதியை நீக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கூட்டத்தில் கேட்டார்கள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஒரு மதியம்," என்றாள்.

அதே கேள்வி சைதன்யாவிடம் போனது. அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஆறு மாசம். அதுவும் பூஜை லீவு போக," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முடிவு அந்தச் சிரிப்பிலேயே ஆகிவிட்டது.

வங்காளத் தலைநகரை ஒட்டிய நியூ டவுனில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இயங்கும் அந்த நிறுவனம் ஒரு பிரவுசரைத் தயாரிக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்தாத வசதிகள் இரண்டு இருக்கின்றன, ஒன்று போகட்டும் என்று வேறு ஊரிலிருந்த தலைமையகம் எழுதியிருந்தது. ஒன்று, சைதன்யாவின் கூப்பன் பட்டை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் தள்ளுபடி காட்டும். மற்றது, தமிழ்ச் செய்திகளைக் குரலில் வாசிக்கும் வசதி. அதை வல்லி தன் அப்பாவுக்காக எழுதினாள்.

அப்பா சீதாராமன் திருநெல்வேலிக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நகரின் மறுகோடியில், பெஹாலா வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். கிளாக்கோமா அவர் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. காலையில் தமிழ்ப் பேப்பர் படிப்பதுதான் அவருக்கு ஊரோடு மிச்சமிருந்த பேச்சுவார்த்தை. வல்லியின் வசதி மெனுவையும் விளம்பரத்தையும் தாண்டி, நேரே செய்திக்குப் போய் வாசிக்கும். அந்தக் குரலுக்கு அவர் 'தம்பி' என்று பெயர் வைத்திருந்தார். பிடிக்காத அரசியல்வாதி பேசினால் அந்தப் பக்கம் திறந்திருக்கும் பிரவுசர் டேப்பை மூடுவார். குரலும் அந்த நொடியே சாகும். "ஒரே அமுக்கு, சோலி முடிஞ்சிது!" என்று குழந்தைபோலச் சிரிப்பார்.

டேப்போடு பிறந்து டேப்போடு சாவது தற்செயல் அல்ல. அதுதான் வல்லியின் வாழ்நாள் வேலை.

அவள் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு டேப்பையும் இயக்கும் நிரலுக்குள் வந்தவர் போனவரெல்லாம் தங்கள் வசதியைச் செருகியிருந்தார்கள். கடவுச்சொல் ஒருவர், மொழிபெயர்ப்பு ஒருவர், கூப்பன் ஒருவர். கரியாஹாட் நடைபாதைக் கடைகளைப் போல. ஒருவர் தார்ப்பாயின் கயிறு அடுத்தவர் கம்பத்தில் இருக்கும். ஒரு கடையை எடுத்தால் வரிசையே சரியும், ஆகவே யாரும் எதையும் எடுப்பதில்லை.

"பூஜைப் பந்தல் மாதிரி கட்டுங்க," என்று வல்லி புதிதாகச் சேர்ந்தவர்களிடம் வங்காள மொழியில் சொல்வாள். தமிழைவிட அது அவளுக்குச் சரளம். "விழா முடிஞ்சு கயித்தை அவிழ்த்தா ரோடு பழையபடி ரோடா இருக்கணும்." ஒவ்வொரு வசதியும் தனித் துண்டு. டேப் பிறக்கும் இடத்தில், துண்டுக்கு ஒரு வரி வீதம் எழுதி மாட்ட வேண்டும். டேப்புக்குத் துண்டின் பெயர் தெரியக்கூடாது. ஒரு துண்டு இன்னொன்றின் கையைப் பிடிக்கக்கூடாது. பல வருடங்கள் உட்கார்ந்து பழைய நிரலை அப்படிப் பிரித்தெடுத்தாள். பிரவுசர் அடிக்கடி செயலிழந்து விழுவது நின்றது. விழாததை யாரும் கவனிக்கவில்லை.

சைதன்யா மட்டும், "அடுத்த மாசம் பிரிச்சிடறேன், வல்லிதி," என்றே காலத்தை ஓட்டினான். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் வல்லிதி, வல்லி அக்கா. 'மாட்டியவரே கழற்ற வேண்டும்' என்ற வழக்கத்தை உண்டாக்கியவளும் அவள்தான். கழற்றியவர் அன்று எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கித் தர வேண்டும். அதற்கு ஷ்ராத்தோ என்று பெயர். செத்த வசதிக்குத் திவசச் சாப்பாடு. எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

கூட்டம் முடிந்த மறுநாள் அவளும் ஒரு கயிறு கட்டிப் பார்த்தாள். மொழிபெயர்ப்பு வசதியைத் தன் வாசிப்பு வசதியின் மேல் சாய்த்து எழுதினாள். இது போனால் அதுவும் விழும். யாரும் தொட அஞ்சுவார்கள். எந்த மாற்றத்தையும் சேர்க்குமுன் தானாகச் சோதிக்கும் காவல் நிரல் ஒன்று உண்டு. அது மறுத்தது. சிவப்பில் செய்தி வந்தது: 'ஒரு துண்டு இன்னொன்றின் கையைப் பிடிக்கக்கூடாது. விதிவிலக்கு வேண்டுமானால் மற்றொரு மூத்த பொறியாளரின் ஒப்புதல் தேவை.' அந்தக் காவலை வைத்தவளும் அவள். அந்த வாக்கியமும் அவளுடையது.

மற்றொரு மூத்த பொறியாளர் என்றால் சைதன்யா.

அவன் திரையைப் பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான்.

"இது நீங்க எழுதினதா, வல்லிதி? என் கோட் மாதிரியே இருக்கே!"

"கிண்டல் வேண்டாம். அப்பாவுக்காகக் கேக்கறேன்."

சிரிப்பு நின்றது. "மேஷோமஷாய்க்கு, உங்க அப்பாவுக்கு, நான் எது வேணா செய்வேன். கண் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன், சொல்லுங்க. ஆனா இதுக்கு ஒப்புதல் கொடுத்தா, உங்களுதை எடுக்க முடியாதுன்னு ஆயிடும். மேல இருக்கறவங்க அடுத்து என் கூப்பன் பட்டையைப் பார்ப்பாங்க."

"பார்த்தா என்ன?"

"நீங்க இல்லாம அதைப் பிரிக்க எனக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியுமே."

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். கட்டிய கயிற்றை அவிழ்த்தாள். பிறகு அந்த ஒரு வரியையும் நீக்கினாள். துண்டு இருந்த கோப்புறையையும் அழித்தாள். சோதனைகள் ஓடின. எல்லாம் பச்சை.

"ஒண்ணுமே உடையலை!" என்று சைதன்யா அவள் வாங்கிவந்த சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டே கத்தினான். "சுத்தம்னா இதுதான்!" தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. ஒரு வசதியை எப்படி நீக்க வேண்டும் என்பதற்கு இதைப் புதியவர்களுக்கு மாதிரியாகக் காட்டப் போகிறார்களாம். பூஜை முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் பெஹாலா தெருக்களில் மூங்கில் நட்ட குழிகள் கொஞ்ச காலம் கிடக்கும். ஸ்கூட்டர்கள் அதில் இறங்கி ஏறும். நிரலில் அவள் அந்தக் குழியைக்கூட விட்டுவைக்கவில்லை.

புதிய பதிப்பு வீட்டுக் கணினிக்கும் தானாக வந்து இறங்கியது.

"ஏட்டி வல்லி, தம்பி வாயே தொறக்க மாட்டேங்கான். என்னன்னு பாரு."

"அவனை எடுத்தாச்சுப்பா."

"எந்தப் பய எடுத்தான்?"

"நான்தான்."

சீதாராமன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீயா? ஏன்?"

"மாட்டினவங்கதான் கழட்டணும். ஆபீஸ் வழக்கம்."

"நல்லாருக்கு வழக்கம். எந்த மூதி போட்டது?"

வல்லி இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற பொதுவான வாசிப்பான் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். அது திரையில் உள்ள எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக வாசிக்கும். எதையும் தாண்டத் தெரியாது. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக் காதைக் கொடுத்தார்.

"தேடுக. முகப்பு. உள்நுழைக," என்றது அது. "இருபது சதவீதம் தள்ளுபடி. கூப்பனைப் பெற இங்கே தட்டவும். தாமிரபரணியில் வெள்ளப்பெருக்கு. இருபது சதவீதம் தள்ளுபடி."

"யாருட்டி இவன், வெள்ளத்துக்கு நடுவுல நின்னு யாவாரம் பண்ணுதான்?"

"சைதன்யா. அவன் எழுதினதுப்பா."

"நம்ம சைதன்யாவா? தள்ளி நிக்கச் சொல்லு."

"தள்ள முடியாது. அவனை எடுத்தா எல்லாம் சரிஞ்சிரும்."

"பொழைக்கத் தெரிஞ்சவன்," என்றார் அப்பா. வெள்ளம் எந்த ஊர் வரை வந்திருக்கிறது என்று கேட்க விசையைத் தடவி அமுக்கினார். அமுக்கியது வேறு விசை. குரல் மறுபடி மேலே போய்த் தொடங்கியது: தேடுக, முகப்பு, உள்நுழைக, இருபது சதவீதம் தள்ளுபடி.